உடைந்த பீங்கானுக்கு ஒரு தோட்டம்

நம்ம ஊரில் எந்தப் பீங்கான் பட்டறையின் பின்பக்கம் போனாலும் ஒரு மேடு இருக்கும். கோணிப்போன அகல் விளக்கு, மூக்கு உடைந்த பொம்மை, விரிசல் விட்ட ப்யூஸ் கட்டை எல்லாம் அங்கேதான். என் அம்மா ஒரு பட்டறையில் பொம்மை வார்க்கிறார். தேறிய உருப்படிக்குத்தான் கூலி. ஆகவே அந்த மேடு எங்கள் வீட்டுக்கு வெறும் குப்பை இல்லை, வராமல் போன காசு.

"அதையே திரும்பக் கரைச்சு ஊத்தக் கூடாதாடா?" என்று ஒரு நாள் கேட்டார். வகுப்பில் படித்தது கைகொடுத்தது. சூளைக்குப் போகாத பச்சை உருப்படி உடைந்தால் கவலையில்லை. ஊறப்போட்டால் மறுபடி களிமண். ஆனால் சூளையில் 600 டிகிரியைத் தாண்டுவதற்குள் களிமண்ணோடு வேதியியல் முறையில் சேர்ந்திருந்த நீர் போய்விடுகிறது. 1200 டிகிரியை நெருங்கும்போது பெல்ஸ்பார் உருகிக் கண்ணாடி மாதிரி துகள்களைப் பிணைத்துவிடும். அப்புறம் எத்தனை வருஷம் ஊறினாலும் கரையாது. அரைத்துச் சலித்துப் புதுக் கலவையில் கொஞ்சம் சேர்க்கலாம். ஏற்கெனவே சுருங்கிய சரக்கு என்பதால் விரிசல் குறையும். கிளேஸ் பூசியதென்றால் அதுவும் கஷ்டம், சூளையில் கிளேஸ் மறுபடி உருகும்.

அரைக்காமல், உடைந்தது உடைந்தபடியே பயன்படுத்திக் காட்டியவர் சண்டிகரின் நேக் சந்த். பொதுப்பணித்துறையில் சாலை ஆய்வாளர். புது நகரம் கட்டுவதற்காகச் சில கிராமங்களை இடித்தார்கள். அந்த இடிபாட்டிலிருந்து உடைந்த கோப்பை, கைகழுவும் தொட்டி, வளையல் துண்டு என்று பொறுக்கி, 1957 வாக்கிலிருந்து வேலை முடிந்த பிறகு சைக்கிளில் கொண்டுபோய்ச் சேர்த்தார். கட்டடமே கட்டக்கூடாத காட்டு நிலத்தில், யாருக்கும் சொல்லாமல், மனிதர், மிருகம், பறவை என்று உருவங்கள் செய்து நிறுத்தினார். அதிகாரிகள் கண்டுபிடித்தபோது சட்டப்படி இடித்துத் தள்ளியிருக்கலாம். ஜனங்கள் அவர் பக்கம் நின்றார்கள். 1976-ல் அரசே அதைப் பாறைத் தோட்டமாகத் திறந்து, சம்பளமும் வேலையாட்களும் கொடுத்தது. 1984-ல் பத்மஸ்ரீ. 2015-ல் அவர் காலமானார், தோட்டம் இருக்கிறது.

செய்முறை நம்ம கொத்தனார்களுக்கும் தெரிந்ததுதான். மொட்டை மாடியில் வெயிலுக்காக உடைந்த வெள்ளை டைல்ஸ் பதிப்பதில்லையா? நேக் சந்த் சிமெண்டால் உருவம் பிடித்து, ஈரம் காயும் முன் சில்லுகளைப் பதித்தார். கிளேஸ் பக்கம் சிமெண்ட் பிடிக்காது. சொரசொரப்பான பக்கம்தான் உள்ளே போகவேண்டும். கிளேஸ் இல்லாத பிஸ்கட் சில்லைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளணும். இல்லையென்றால் சிமெண்டின் ஈரத்தை அது குடித்துவிடும், இரண்டே நாளில் உதிரும். (நாங்கள் நனைக்கவில்லை. உதிர்ந்தது.) விளிம்பைக் கல்லில் தேய்க்காவிட்டால் கை கிழியும்.

இரண்டாம் முறை பழைய பூந்தொட்டி ஒன்றில் மயில் பதித்தோம். அம்மா வந்து பார்த்தார். மயிலை விட்டுவிட்டு ஓரத்துச் சில்லு ஒன்றைத் தொட்டு, "இது நான் வார்த்த பிள்ளையார் காது" என்றார்.

கேட் பக்கத்துச் சுவர் காலியாகத்தான் இருக்கிறது. சிமெண்டுக்கு யூனியன் பணம் தந்தால், சில்லுக்கு நாங்கள் பொறுப்பு.