ஹன்டா வைரஸ்: எலிக் கழிவுகளிலிருந்து பரவும் தொற்று

'எலிக் காய்ச்சல்' என்றவுடன் நம் நினைவுக்கு வருவது லெப்டோஸ்பைரோசிஸ். அது பாக்டீரியாவால் உண்டாவது. எலிச் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் வெறுங்காலுடன் நடப்போரைப் பெரும்பாலும் தாக்குகிறது. எலிகளிடமிருந்து பரவும் ஹன்டா வைரஸ் தொற்று இதனின்றும் வேறானது. அது பெரும்பாலும் மூச்சுக்காற்றின் வழியே உடலுக்குள் நுழைகிறது.

கொரியப் போரின்போது (1950–53) ஐ.நா. படைவீரர்கள் 3,000-க்கும் மேற்பட்டோர் சிறுநீரகத்தைப் பாதிக்கும் ஒரு காய்ச்சலுக்கு ஆளாயினர். அதற்குக் காரணமான வைரஸ் வயல் எலிகளில் இருப்பது 1978-இல் அறிவிக்கப்பட்டது. அங்குள்ள ஹன்டான் ஆற்றின் பெயரே அதற்கு இடப்பட்டது. இவ்வகையைச் சேர்ந்த தோட்டப்பாளையம் வைரஸோ 1964-ஆம் ஆண்டிலேயே வேலூரில் பிடிபட்ட மூஞ்சூறிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. தென்னிந்தியாவில் எலி பிடிக்கும் தொழில் செய்வோரிடமும் கிடங்குத் தொழிலாளர்களிடமும் நடத்தப்பட்ட இரத்தப் பரிசோதனைகளில் ஹன்டா வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் காணப்பட்டுள்ளன. ஆகவே இதனை அயல்நாட்டு நோய் என ஒதுக்குவது பொருந்தாது.

துடைப்பத்தை எடுக்கும் முன்

எலியின் சிறுநீர், எச்சில், புழுக்கை ஆகியவை உலர்ந்து தூசியுடன் கலக்கின்றன. பெருக்கும்போது எழும் அத்தூசியைச் சுவாசிப்பதே முதன்மையான ஆபத்து. போகிப் பண்டிகைக்கு முன் பரணை ஒழிப்பதும், நெடுநாள் பூட்டிய அறையைத் திறந்தவுடன் பெருக்குவதும் நம் வழக்கம். இவ்விடங்களில் புழுக்கை தென்பட்டால் உலர்ந்த நிலையில் பெருக்க வேண்டாம். முதலில் கதவு, சன்னல்களைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் விலகியிருங்கள். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, ஒரு பங்கு ப்ளீச் திரவத்துடன் ஒன்பது பங்கு நீர் கலந்து தெளியுங்கள். ஐந்து நிமிடம் ஊறிய பின் பழைய காகிதத்தால் துடைத்தெடுத்து, உறையிலிட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள். கழிப்பறை அமிலத்தை ப்ளீச்சுடன் ஒருபோதும் கலக்கக்கூடாது. நச்சு வாயு உண்டாகும்.

அறிகுறிகள்

தொற்று ஏற்பட்டு ஓரிரு வாரங்களிலும், சிலருக்கு எட்டு வாரங்கள் வரை கழித்தும் அறிகுறிகள் தோன்றலாம். கடுங்காய்ச்சல், தலைவலி, முதுகு மற்றும் வயிற்று வலி, கண் சிவத்தல் ஆகியவை முதலில் தோன்றும். பின்னர் இரத்த அழுத்தம் குறையலாம், சிறுநீர் வெளியேறுவது குறையலாம். அமெரிக்கக் கண்டங்களில் காணப்படும் வகை நுரையீரலைத் தாக்குகிறது. அது மிகவும் கொடியது.

டெங்கு, லெப்டோஸ்பைரோசிஸ், உண்ணிக் காய்ச்சல் ஆகியவையும் இவ்வாறே தொடங்குவதால், நோயாளி கூறும் விவரமே மருத்துவருக்குப் பெருந்துணை. கடந்த இரண்டு மாதங்களில் எலி நடமாட்டமுள்ள இடத்தில் தங்கியதையோ, துப்புரவு செய்ததையோ, கேட்கப்படாவிட்டாலும் தெரிவியுங்கள். லெப்டோஸ்பைரோசிஸ் இங்கு மிகுதி என்பதால், பரிசோதனை முடிவு வருமுன்னரே மருத்துவர் ஆன்டிபயாடிக் தொடங்கக்கூடும். அதனைத் தாமாக நிறுத்த வேண்டாம். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கி உட்கொள்வது சிறுநீரகத்திற்கு மேலும் ஊறு விளைவிக்கும்.

உடனிருந்து கவனிப்போருக்கு

தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் வகையைத் தவிர, ஹன்டா வைரஸ் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவதில்லை. நோயாளியைத் தொடவும், உணவூட்டவும் அஞ்ச வேண்டியதில்லை. இத்தொற்றை அழிக்கும் தனி மருந்து இன்றில்லை எனினும், உரிய நேரத்தில் மருத்துவமனையில் சேர்த்தால், சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களிலும் பெரும்பாலோர் நலமடைகின்றனர். சிலருக்குத் தற்காலிகமாக டயாலிசிஸ் தேவைப்படும்.

காய்ச்சல்தானே என்று இளநீரும் கஞ்சியும் அளவின்றிக் கொடுப்பது இங்கு தீங்காகலாம். எவ்வளவு நீர் கொடுக்கலாம் என்பதைச் செவிலியரிடம் கேட்டறிந்து, பருகியதையும் கழித்த சிறுநீரையும் அளந்து குறித்து வையுங்கள். மூச்சுத்திணறல், மயக்கம், இரத்தக்கசிவு ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் உடனே தெரிவியுங்கள்.