பழைய காரைப் பழுதுபார்ப்பதா, கைகழுவுவதா? தலைநகர்வாசிகளின் தவிப்பு

புது தில்லி: பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய சிறிய செடான் காரின் கிளட்ச் தேய்ந்துவிட்டால், சென்னையிலோ கோவையிலோ இருப்பவர் மெக்கானிக்கிடம் விலை கேட்பார். தில்லியில் இருப்பவர் அதற்கு முன் உச்ச நீதிமன்ற உத்தரவைப் படிக்க வேண்டியிருக்கிறது.

பத்து ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்களும், பதினைந்து ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வாகனங்களும் தலைநகர்ப் பகுதியில் ஓடக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015-ஆம் ஆண்டுகளில் உத்தரவிட்டது. 2018 அக்டோபர் 29-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் இத்தகைய வாகனங்களுக்கு பங்க்குகளில் எரிபொருளே கிடையாது என்றார்கள். எதிர்ப்பு வலுத்ததும் அது தள்ளிவைக்கப்பட்டது. ஆகஸ்ட் 12-ல் இவ்வாகனங்களின் உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை கூடாது என்றது உச்ச நீதிமன்றம். டிசம்பர் 17-ல் அந்தச் சலுகையைச் சுருக்கி, பாரத் நிலை 4-ம் அதற்கு மேற்பட்ட தரமும் கொண்ட வாகனங்களுக்கு மட்டுமே பாதுகாப்பு என்று திருத்தியது.

தில்லியில் புதிய கார்களுக்குப் பாரத் நிலை 4 கட்டாயமானது 2010 ஏப்ரலில். எனவே, அதற்குப் பின் இங்கு வாங்கிய கார்களுக்கு, உடைப்புக் கிடங்குக்குப் போக வேண்டிய நேரத்தில் மறுவாழ்வு கிடைத்திருக்கிறது.

இதில் அதிகம் பயனடைபவை நடுத்தரக் குடும்பங்களின் சிறிய செடான் கார்கள். இந்த ரகமே மத்திய பட்ஜெட்டின் குழந்தை எனலாம். 2006-ல் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம், நான்கு மீட்டருக்கு மிகாத சிறிய கார்களின் உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். அதைப் பிடித்துக்கொண்டு டாடா நிறுவனம் 2008-ல் இண்டிகோ சி.எஸ். காரைக் கொண்டுவந்தது. 2008-ல் அறிமுகமான மாருதி டிசையர், 2012-ல் தன் டிக்கியைக் கத்தரித்துக்கொண்டு நான்கு மீட்டருக்குள் அடங்கியது. 2013-ல் ஹோண்டா அமேஸ் வந்தது. 2014-ல், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் எக்ஸ்சென்ட் வந்தது.

இந்த வயதில் இவற்றுக்கு வரும் நோய்கள் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் போவது ரப்பர். ஜனவரிக் குளிரும் மே மாத 45 டிகிரி வெயிலும் மாறி மாறித் தாக்குவதால் ரேடியேட்டர் குழாய்கள் வெடிக்கின்றன. சஸ்பென்ஷன் புஷ்கள் பிய்ந்துபோகின்றன. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் 'கடக் கடக்' என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஷாக் அப்சார்பர், புஷ்களை மாற்ற, வெளிப் பணிமனைகளில் கூலியுடன் சுமார் ரூ. 8,000 முதல் ரூ. 12,000 வரை ஆகும். பெட்ரோல் காரின் கிளட்ச் செட்டுக்கும் கிட்டத்தட்ட அதே தொகைதான். ஏ.சி. கம்ப்ரஸரைப் புதிதாக மாற்றினால் ரூ. 15,000-ஐத் தாண்டும்.

டீசல் கார் என்றால் கதை வேறு. அன்றைய டிசையரில் இருந்தது ஃபியட்டின் 1.3 லிட்டர் என்ஜின். உழைப்பாளிதான், ஆனால், டைமிங் செயின் தளர்ந்தாலோ, இன்ஜெக்டர்களும் டர்போவும் ஒருசேர மக்கர் செய்தாலோ செலவு அரை லட்சத்தைத் தொடும். இந்த வயதுக் காரை விற்றாலே தில்லியில் ஒரு லட்சம் கிடைப்பது அரிது.

விலையைக் குறைக்க ஒரு வழி, காஷ்மீரி கேட் உதிரி பாகச் சந்தை. ஒரே பொருளுக்கு அங்கே மூன்று விலை சொல்வார்கள்: கார் நிறுவனத்தின் பெட்டியில் வருவது, அந்நிறுவனத்துக்கே தயாரித்துக் கொடுப்பவரின் சொந்தப் பெட்டியில் வருவது, பெட்டியைப் பார்த்தால் அசலென்று தோன்றும் போலி. இரண்டாவதுதான் லாபகரமானது, மூன்றாவதை பிரேக்குக்கு வாங்குவது உயிரோடு விளையாடுவது. மாயாபுரியில் உடைத்த கார்களின் கதவு, கண்ணாடி, விளக்குகள் மலிவாகக் கிடைக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரி பாகங்களின் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததும் சிறு ஆறுதல்.

ஆனால், உண்மையான கோளாறு பணிமனையில் இல்லை. பிற மாநிலங்களில் பதினைந்து ஆண்டு முடிந்த காரைத் தகுதிச் சோதனைக்கு உட்படுத்தி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் பதிவை நீட்டிக்கிறார்கள். தில்லியில் பல ஆண்டுகளாக வயது மட்டுமே அளவுகோல். நன்றாகப் பராமரித்தவருக்கும், புகை கக்கவிட்டவருக்கும் ஒரே தண்டனை. அப்படியானால், பன்னிரண்டாம் ஆண்டில் யார் செலவழிப்பார்? சைலன்சருடன் இணைந்த, நச்சு வாயுக்களைத் தீங்கு குறைந்தவையாக மாற்றும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் செயலிழந்தால், அசலை மாற்றச் சில பத்தாயிரங்கள் வேண்டும். "இன்னும் மூன்று வருடம்தானே" என்று விட்டுவிடுவதே மனித இயல்பு. காற்றைக் காக்க வந்த விதி, காற்றைக் கெடுக்கும் பாகத்தைப் பழுதுபார்க்கவிடாமல் செய்தது.

புகைச் சோதனைச் சான்றிதழும் இதற்கு மாற்று ஆகாது. பெட்ரோல் காரில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும், டீசலில் புகையின் அடர்த்தியையும் அது பார்க்கிறது. நைட்ரஜன் ஆக்சைடுகளையும் நுண்துகள்களையும் அளப்பதில்லை. தில்லியின் நுரையீரலை அரிப்பவை இவைதானே!

இப்போது தப்பிய கார்களுக்கு, ஒத்திப்போட்ட செலவுகள் எல்லாம் சேர்ந்து வருகின்றன. பெட்ரோல் கார் என்றால், அடிப்பகுதி துருப்பிடிக்காமல் என்ஜினும் எண்ணெய் குடிக்காமல் இருக்கும்பட்சத்தில், முப்பதாயிரம் வரை செலவழிப்பதில் தவறில்லை. டீசல் காருக்கு யோசிக்க வேண்டும். காற்று மாசு முற்றி, மூன்றாம் நிலைக் கட்டுப்பாடு அமலாகும்போதெல்லாம் பாரத் நிலை 4 டீசல் கார்கள் தில்லிச் சாலைக்கு வர முடியாது. நீதிமன்றம் காப்பாற்றிய கார், குளிர்காலத்தில் வீட்டு வாசலில் நிற்கும்.

தமிழகத்திலிருந்து காரைக் கொண்டுவந்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2010-ல் பாரத் நிலை 4 கட்டாயமான 13 நகரங்களில் சென்னை உண்டு, மதுரை இல்லை. நாடு முழுவதும் அது அமலானது 2017 ஏப்ரலில்தான். ஆகவே, மதுரையில் 2011-ல் வாங்கிய கார் பாரத் நிலை 3 ஆக இருக்கக்கூடும். மெக்கானிக்கிடம் முன்பணம் கொடுக்கும் முன், பதிவுச் சான்றில் எந்த நிலை என்று குறிக்கப்பட்டுள்ளது எனப் பார்த்துக்கொள்வது நல்லது.