செய்மதியைக் கேட்க எத்தகைய அன்ரனா?

மன்னார் நகரை அடுத்த பள்ளிமுனை, பருத்த பெருக்க மரத்தினாற் பெயர்பெற்ற மீனவர் ஊர். அக்கரையோரத்தில் ஒரு காலத்திலே உயர்ந்த கம்பங்களின் நுனியில், மீன்முள்ளை ஒத்த தொலைக்காட்சி அன்ரனாக்கள் இராமேசுவரத்தை நோக்கி நின்றன. அங்கே 323 மீற்றர் உயரமான தூர்தர்ஷன் கோபுரம் இருந்தமையே காரணம். கம்பம் உயர உயரப் படம் தெளியும் என்பது அக்காலத்து மக்கள் பட்டறிந்த பாடம்.

நிலத்திலுள்ள நிலையத்துக்கு அப்பாடம் மெய்யே. பூமியின் வளைவு மறைப்பதனால் உயரம் அங்கே உதவுகின்றது. செய்மதியோ தானே உயரத்தில் இருப்பது. இவ்வேறுபாட்டை உணராத மாணவன் நெடுங்கம்பத்துக்கும் நீண்ட கேபிளுக்கும் கைப்பணத்தைச் செலவிட்டு, ஈற்றில் இரைச்சலை மாத்திரம் கேட்டு, இக்கலை தனக்கு வாராது என்று கருவியை மூடிவைத்துவிடுகின்றான். பணத்தினும் பெரிய இழப்பு அதுவே.

சர்வதேச விண்வெளி நிலையம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றுகின்றது. நம் தலைக்கு நேரே வரும்போது அதன் தூரமும் அவ்வளவே. ஆனால் அடிவானில் எழும்போது தூரம் சுமார் 2,300 கிலோமீற்றர். ஆகையால் அடிவானில் அதன் அலை, உச்சியில் உள்ளதைவிட முப்பது மடங்கு மெலிந்திருக்கும். ஒரு கடப்பு நீடிப்பது பத்து நிமிடம். அதிற் பெரும்பகுதி வானின் தாழ்ந்த பக்கத்திலேயே கழிகின்றது. அன்ரனாவைத் தெரிவுசெய்வோர் மனத்திற் கொள்ளவேண்டியது இதுவே.

அந்நிலையம் 145.800 மெகாஹேட்ஸ் மீடிறனில் ஒலிபரப்புகின்றது. அலைநீளம் இரண்டு மீற்றருக்குச் சற்றே மேல். அதன் காற்பங்காக 49 சென்ரிமீற்றர்க் கம்பி ஒன்றை நிமிர்த்தி, அதன் அடியில் 51 சென்ரிமீற்றர் அளவான நான்கு கம்பிகளை 45 பாகை சரித்து விரித்தால் முதல் அன்ரனா ஆயிற்று. கேபிளின் நடுக்கம்பி நிமிர்ந்த கம்பிக்கும், வெளிவலை சரிந்த நான்குக்கும் செல்லும். உச்சியிலிருந்து வரும் அலையை இது நன்றாகக் கொள்ளாது. ஆயினும் உச்சியில் அலை வலிது, குறை தெரிவதில்லை. மெலிந்த அலை வரும் தாழ்ந்த திசைகளிலே இது நன்கு கேட்கும். 436 மெகாஹேட்ஸ் அளவிலுள்ள செய்மதிகளுக்கும் இதே கம்பி முக்கால் அலைநீளமாக அமைந்து பயன்படும். ஒரு செலவில் இரு பயன்!

அடுத்துக் கேபிள். மெல்லிய கேபிள் 10 மீற்றர் சென்றால், 436 மெகாஹேட்ஸில் வந்த வலுவிற் பாதிக்கு மேல் வழியிலேயே அழிந்துவிடும். உயர்ந்த கம்பத்தின் நயத்தைக் கேபிள் தின்றுவிடுகின்றது. கூரைகளும் மரங்களும் மறையாத வெளியிலே, இரண்டு மீற்றர்க் கேபிளோடு நிற்பவனுக்கே வெற்றி. பெருக்கி வாங்குவோர் அதனை அன்ரனாவின் அடியிற் பொருத்துதல் வேண்டும். வாங்கியின் பக்கத்தில் வைத்தால், கேபிளில் இழந்தது மீளாது. இரைச்சலும் கூடவே பெருகும்.

கடற்காற்று இன்னொரு பகை. உப்பு ஈரம் மூட்டுக்குள் நுழைந்து செம்பைப் பச்சையாக்கும்; கேபிளின் வெளிவலை வழியே நீர் உள்ளே ஊறும். பற்றாசு வைத்த மூட்டுகளை நீர்புகாவண்ணம் மூடி, கேபிளைக் கீழ்நோக்கி வளைத்து இறக்குதல் நன்று.

இவ்வளவும் கைவந்த பின்னரே மீன்முள் அன்ரனாவுக்குப் போதல் வேண்டும். 1926ஆம் ஆண்டளவில் ஜப்பானிய அறிஞர் உடாவும் யாகியும் உலகுக்கு அளித்த அமைப்பு அது. மூன்று உறுப்புகள் போதும். பழைய எஃகு அளவுநாடாவை வெட்டியும் செய்யலாம். கையிற் பிடித்துச் செய்மதியைத் தொடர்ந்து திருப்புவதோடு, மணிக்கட்டையும் மெல்லச் சுழற்றல் வேண்டும். செய்மதி புரளுந்தோறும் அலையின் கிடை மாறும். சுழற்றியவுடன் அமுங்கிய குரல் எழுவதைக் கேட்டவர் அதனை மறவார்.

எல்லாக் குற்றத்தையும் அன்ரனாவின் மேற் சுமத்தலாகாது. பல பழைய வழிகாட்டிகள், 137 மெகாஹேட்ஸில் நோவா வானிலைச் செய்மதிகளைத் தேடச் சொல்கின்றன. எஞ்சியிருந்த அவை மூன்றும் 2025ஆம் ஆண்டில் ஓய்ந்துவிட்டன. சிறீகரிகோட்டாவிலிருந்து 2005 மே 5ஆம் நாள் ஏவப்பட்ட ஹம்சாற் 2014இல் அடங்கியது. 2019இல் விண்ணிற் செலுத்தப்பட்ட இலங்கையின் இராவணா-1உம் இன்றில்லை. விண்வெளி நிலையமும் எந்நேரமும் பேசிக்கொண்டிருப்பதன்று. மேலும், நெருங்கி வரும்போது மீடிறன் சற்றுக் கூடியும் விலகும்போது குறைந்தும் கேட்கும். 145இல் இம்மாற்றம் சிறிது, 436இல் ஏறத்தாழ 10 கிலோஹேட்ஸ். வாங்கியை அதற்கேற்பத் திருப்பாதவன் நல்ல அன்ரனாவோடும் ஏமாறுவான்.

ஆதலின் ஒரு கொப்பியில் நாள், நேரம், எழுந்த திசை, கேட்ட அளவு ஆகியவற்றைக் குறித்துவைத்தல் வேண்டும். ஒரு கடப்புக்கு ஒரு மாற்றமே செய்க: இன்று கேபிளைக் குறுக்கினால், கம்பியின் நீளத்தை நாளை வரை தொடாதிருக்க.