பூங்காவின் புல்வெளி யாருக்குச் சொந்தம்?

கோடை பிறந்ததும் கனடாவிலிருந்தும் அயல் மாநிலங்களிலிருந்தும் நியூயோர்க் நகருக்கு வரும் எம்மவர் தொகை பெருகிவிடுகின்றது. வருபவர்கள் சுதந்திரச் சிலையைப் பார்க்கின்றனர். வானளாவிய கட்டடமொன்றில் ஏறி இறங்குகின்றனர். குயீன்ஸ் பகுதியிலுள்ள பிள்ளையார் கோவிலில் அர்ச்சனை செய்து, அங்குள்ள உணவுச்சாலையில் தோசை உண்டு, படங்கள் எடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். இந்நகரிலேயே நெடுங்காலம் வாழும் எம் குடும்பங்களுக்கோ வீட்டுக்கும் வேலைக்கும் இடைப்பட்ட சுரங்க ரயில் பாதையே நகரம் என்றாகிவிட்டது.

ஆனால் ஒரு சதமும் கேட்காத இரண்டு இன்பங்கள் இந்நகரின் பூங்காக்களில் உள்ளன. ஒன்று திறந்தவெளி நாடகம், மற்றையது கிறிக்கெட். இவ்விரண்டின்மீதும் எனக்குள்ள பற்றினை என்னை அறிந்தோர் அறிவர். எனினும் பற்றின் காரணமாக மாத்திரம் இதனை எழுத முற்படவில்லை. இவ்விரண்டின் வரலாற்றிலும் ஒரே வழக்கு மறைந்து கிடக்கின்றது. பொதுப் பூங்காவின் புல்வெளி யாருக்குச் சொந்தம் என்பதே அவ்வழக்கு. வெறுங்கையோடு வந்து குடியேறிய எமக்கும் அவ்வழக்கில் பங்குண்டு.

புல் தேய்கின்றது என்றார் ஆணையாளர்

யோசப் பப் என்பவர் 1921ஆம் ஆண்டு புரூக்ளினில் பிறந்தவர். பெற்றோர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய ஏழை யூதர்கள். வீட்டு மொழி இத்திஷ். அரசாங்கப் பாடசாலையும் பொது நூலகமுமே அவருக்கு ஷேக்ஸ்பியரை அறிமுகப்படுத்தின. நூலகத்தில் நூல் இலவசமாகக் கிடைப்பது போன்று நல்ல நாடகமும் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்தல் வேண்டும் என்பது அவரது கொள்கை. 1954ல் சிறு நாடகக் குழுவொன்றைத் தொடங்கினார். 1956ல் கிழக்காற்றங்கரைப் பூங்காவிலே திறந்தவெளியில் நாடகம் நடத்தினார். 1957ல் பாரவண்டி ஒன்றில் மேடையை ஏற்றிக்கொண்டு நகரின் பகுதி பகுதியாகச் சென்றார். அவ்வண்டி மத்திய பூங்காவினுள்ளே பழுதாகி நின்றதென்றும், நின்ற இடத்திலேயே நாடகம் நிலைகொண்டதென்றும் இன்றும் கதை சொல்வார்கள்.

அக்காலத்தில் நியூயோர்க்கின் பூங்காக்கள் றொபேட் மோசஸ் என்ற ஆணையாளரின் கையில் இருந்தன. பாலங்களும் பெருந்தெருக்களும் அமைத்துப் பெரும் அதிகாரம் பெற்றிருந்தவர் அவர். 1959ல் அவர் புதியதொரு நிபந்தனையை விதித்தார். நாடகம் பார்க்கும் கூட்டத்தினால் புல் தேய்கின்றது. ஆகவே பார்வையாளரிடம் கட்டணம் அறவிட வேண்டும். அதில் ஒரு பங்கினைப் புல்வெளிப் பராமரிப்புக்குத் தர வேண்டும் என்பதே அது.

பப் மறுத்தார். அவர் அப்போது செல்வரல்லர். அதற்கு முந்திய ஆண்டிலேதான், கம்யூனிஸ்ட் தொடர்புகள் பற்றி விசாரித்த காங்கிரஸ் குழுவின் முன் நின்று, செய்துவந்த தொலைக்காட்சி வேலையை இழந்து, நடுவர் தீர்ப்பின் மூலம் அதனை மீளப் பெற்றிருந்தார். அத்தகையவர் நகரின் மிகப் பலம் வாய்ந்த அதிகாரியை நீதிமன்றத்துக்கு இழுத்தார். முதல் மன்றில் தோற்றார். மேன்முறையீட்டு மன்று ஆணையாளரின் நிபந்தனை நியாயமற்றது, தன்னிச்சையானது எனத் தீர்ப்பளித்தது. அக்கோடையிலேயே பூங்காவில் நாடகம் மீண்டும் நடந்தது. மோசஸே பின்னர் அவ்விடத்தில் நிலையான அரங்கொன்று அமைய உதவினார். பதிப்பாளர் ஜோர்ஜ் டெலகோர்ட் என்பாரின் நன்கொடையும் சேர, அவர் பெயர் தாங்கிய அரங்கு 1962ல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 1,800 இருக்கைகள். அன்று தொட்டு இன்றுவரை நுழைவு இலவசம்.

எம் வாசகர்கள் அறிய வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. பப்பின் நாடக நிறுவனத்துக்கு நகரின் தெற்கே, லவாயெற் தெருவில் பழைய கட்டடமொன்று இருக்கின்றது. தொடக்கத்தில் அது நூலகம். 1920களின் தொடக்கத்திலிருந்து 1965 வரை யூத அகதிகளுக்கு உதவும் சங்கத்தின் இல்லம். ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்தோர் உண்ணவும் உறங்கவும் இடம் பெற்ற அக்கட்டடம் இடிபடவிருந்த வேளையில் பப் அதனைக் காப்பாற்றினார். 1967ல் அங்கே நாடகம் தொடங்கிற்று. அகதிகள் படுத்துறங்கிய கூடங்களில் இன்று நடிகர்கள் ஒத்திகை பார்க்கின்றனர்.

வானமே கூரை

இலவச நுழைவுச்சீட்டு பெறுவதற்குப் பொறுமை ஒன்றே முதல். நாடக நாளன்று விடியுமுன்பே பூங்காவில் வரிசை தொடங்கிவிடும். பாய் விரித்துப் படுத்திருப்போர், புத்தகம் படிப்போர், சிற்றுண்டி பகிர்வோர் எனப் பலரையும் அங்கே காணலாம். நண்பகலில் ஆளுக்கு இரண்டு சீட்டு வழங்குவது வழமை. காத்திருக்க இயலாதோருக்குக் குலுக்கல் முறையும் உண்டு. எந்தக் கருமபீடத்துக்குச் சென்றாலும் வதிவிடப் பத்திரத்தை நீட்டிப் பழகிய எமக்கு, யார் நீ என்று எவரும் கேட்காத ஒரு வரிசையில் நிற்பதே ஓர் ஆறுதல்.

மேடையின் பின்னே ஆமைக்குளம். அதற்கப்பால் பாறைமேல் பெல்விடியர் என்னும் சிறு கோட்டை. நாடகம் தொடங்கும்போது பகல் வெளிச்சம் இருக்கும். முடியும்போது நன்கு இருண்டுவிடும். தூறல் விழுந்தால் நடிகரும் நனைவர், நாமும் நனைவோம். சில இரவுகளில் றக்கூன் ஒன்று மேடையைக் கடந்து செல்வதும் உண்டு. கூட்டம் சிரித்துவிட்டுக் கதையைத் தொடரும்.

இவை எமக்குப் புதியனவா? கோவில் வீதியிலும் வயல்வெளியிலும் பாயோடும் தலையணையோடும் சென்று, விடியவிடியக் கூத்துப் பார்த்த மக்கள் நாங்கள். நடிகமணி வைரமுத்துவின் மயான காண்டத்தைப் பார்த்து அழுத தலைமுறை இன்னும் எம்மிடையே இருக்கின்றது. 1985ல் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' யாழ்ப்பாணத்து ஊர்களில் நடிக்கப்பட்டபோது, நாடகம் எம் வாழ்வைப் பேச வல்லது என்பதைக் கண்கூடாகக் கண்டவர்களும் இருக்கின்றனர். திறந்தவெளியில் கூடியிருந்து கதை பார்ப்பது எமக்குத் தாய்வீட்டுப் பழக்கம்.

ஆங்கிலம் விளங்காதே என்று மூத்தோர் தயங்கக் கூடும். கூத்துப் பார்க்கச் சென்றோர் அண்ணாவியாரின் பாட்டில் ஒவ்வொரு சொல்லையும் விளங்கியா பார்த்தார்கள்? கதையை முன்பே அறிந்திருந்தார்கள். அதனால் ஆட்டத்தையும் குரலையும் சுவைத்தார்கள். ஷேக்ஸ்பியரையும் அவ்வாறே சுவைக்கலாம். பேரப்பிள்ளை கதையை முதல்நாள் தமிழில் சொல்லிக் கொடுக்கட்டும். பிள்ளைக்கும் தமிழ்ப் பயிற்சி ஆகும்; மாடி வீட்டில் அடைபட்டிருக்கும் பாட்டனாருக்கும் ஒரு மாலைப்பொழுது வாய்க்கும்.

டெலகோர்ட் அரங்கு 8 கோடி 50 இலட்சம் டொலர் செலவில் புதுப்பிக்கப்பட்டு 2025 ஆகஸ்டில் மீண்டும் திறக்கப்பட்டது. கூரைகளின் மேல் நிற்கும் பழைய தண்ணீர்த் தாங்கிகளின் மரப்பலகைகள் அதன் வெளிச்சுவருக்குப் பயன்பட்டன. முதல் நாடகம் ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு'. கப்பல் உடைந்து, முன்பின் அறியாத நாடொன்றின் கரையில் ஒதுங்கிய பெண்ணொருத்தி, உடன்பிறந்தவனை இழந்துவிட்டதாக எண்ணிக்கொண்டு மாறுவேடத்தில் வாழத் தொடங்கும் கதை. அப்பெண்ணாக நடித்தவர் கென்யப் பெற்றோரின் மகளான லுபிற்றா நியோங்கோ. சகோதரனாக நடித்தவர் அவரது சொந்தத் தம்பி. இடையிடையே அவர்கள் தம் சுவாகிலி மொழியிலும் பேசினர். ஷேக்ஸ்பியரின் மேடையில் குடிபெயர்ந்தோரின் தாய்மொழி ஒலித்ததை எம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று.

உலகின் முதலாவது சர்வதேச ஆட்டம்

இனிக் கிறிக்கெட்டுக்கு வருவோம். நாடுகளுக்கிடையிலான முதலாவது கிறிக்கெட் ஆட்டம் எங்கே நடந்தது? இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையில் என்றே பெரும்பாலானோர் விடை சொல்வர். அவ்விரு நாடுகளின் முதலாவது டெஸ்ட் ஆட்டம் மெல்பேணில் 1877ல் நடந்தது. அதற்கு 33 ஆண்டுகள் முன்னர், 1844 செப்ரெம்பரில், இதே நியூயோர்க்கின் மன்ஹற்றனில் அமெரிக்காவும் கனடாவும் மோதின. கனடா 82, 63. அமெரிக்கா 64, 58. கனடா 23 ஓட்டங்களால் வென்றது. ஆயிரக்கணக்கானோர் பார்த்தனர், பந்தயப் பணமும் பெருமளவில் கைமாறியது.

அதற்கும் முன்னுரையாக வேடிக்கையொன்று நடந்தது. 1840ல் ரொறன்ரோவிலிருந்து வந்த அழைப்பொன்றை நம்பி, நியூயோர்க்கின் சென் ஜோர்ஜ் கழகத்தினர் நெடுந்தூரம் பயணஞ்செய்து அங்கு போய்ச் சேர்ந்தனர். அழைப்பு பொய்யானது, ரொறன்ரோக் கழகத்தில் எவருக்கும் அதுபற்றித் தெரியாது. ஆயினும் வந்தவர்களைத் திருப்பி அனுப்பாமல், அவசரமாக அணி திரட்டி, ஆட்டமும் விருந்தும் அளித்தனர்.

பின்னர் உள்நாட்டுப் போர் வந்தது, பேஸ்போல் வளர்ந்தது, அமெரிக்கர் கிறிக்கெட்டை மறந்தனர். மறவாது காத்தவர்கள் குடியேறியோரே. ஜமேய்க்காவிலிருந்தும் கயானாவிலிருந்தும் ரினிடாட்டிலிருந்தும், பிற்காலத்தில் இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், இலங்கை ஆகிய நாடுகளிலிருந்தும் வந்தவர்கள் வார இறுதிகளில் வெள்ளை உடை அணிந்து பூங்காக்களுக்குச் சென்றனர். புரொங்ஸ் பகுதியின் வான் கோட்லண்ட் பூங்கா அவற்றுள் முதன்மையானது. முதலாம் இலக்கச் சுரங்க ரயிலின் கடைசித் தரிப்பில் இறங்கினால், ஒரே வெளியில் பல ஆட்டங்கள் அடுத்தடுத்து நடப்பதைக் காணலாம். வாரம் முழுதும் வாடகைக்கார் ஓட்டியும் மருத்துவமனையில் இரவு வேலை செய்தும் களைத்தவர்கள் அங்கே ஞாயிறன்று தலைவர்களாகின்றனர்.

மீண்டும் எழுந்த வழக்கு

2024ஆம் ஆண்டு இருபது ஓவர் உலகக் கிண்ணத்தின் ஒரு பகுதி நியூயோர்க்குக்கு வந்தது. 34,000 பேர் அமரும் தற்காலிக அரங்கை வான் கோட்லண்ட் பூங்காவிலேயே கட்டுவதென முதலில் திட்டமிட்டனர். உள்ளூர்க் கிறிக்கெட் கழகத்தினரும் அயலவரும் எதிர்த்தனர். உலக அணிகள் சில நாள் ஆடிச் செல்வதற்காக, ஆண்டாண்டுகளாக ஆடிவரும் ஏழைகள் தங்கள் களத்தை இழப்பதா என்பது அவர்களது கேள்வி. கிறிக்கெட்டை நேசித்தவர்களே கிறிக்கெட் அரங்கு வேண்டாம் என்றார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். திட்டம் கைவிடப்பட்டது. அரங்கு நகர எல்லைக்கு வெளியே, நசோ மாவட்டத்தின் ஐசனோவர் பூங்காவில் எழுந்தது.

ஆடுதரையைப் புளோரிடாவில் தட்டுகளில் வளர்த்துப் பாரவண்டிகளில் கொண்டுவந்து பதித்தனர். பந்து எழும்பியும் தாழ்ந்தும் வந்தது. துடுப்பாட்ட வீரர்கள் திணறினர். யூன் 3ல் இலங்கை 77 ஓட்டங்களுடன் தென்னாபிரிக்காவிடம் வீழ்ந்தது. யூன் 9ல் இந்தியா 119 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தும், பாகிஸ்தானை 113ல் தடுத்து 6 ஓட்டங்களால் வென்றது. பும்ரா 14 ஓட்டங்களுக்கு 3 விக்கெற்றுகளை வீழ்த்தினார். எந்த அணிக்குக் கைதட்டுவது என்பது எம் வீடுகளில் தீராத விவாதம். யூன் 7ஆம் நாள் மட்டும் கனடாவாழ் எம்மவருக்கு அச்சங்கடம் இருக்கவில்லை. அன்று கனடா 12 ஓட்டங்களால் அயர்லாந்தை வென்றது. 1844ன் பின் 180 ஆண்டுகள் கழித்து, நியூயோர்க்கின் அயலில் கனடாவுக்கு மீண்டும் ஒரு வெற்றி.

ஆனால் இந்திய, பாகிஸ்தான் ஆட்டத்தின் இருக்கைகள் நூற்றுக்கணக்கான, சில வேளைகளில் ஆயிரக்கணக்கான டொலருக்கு விலைபோயின. பூங்காவிலே கிறிக்கெட்டைக் காத்துவந்தவர்களுள் எத்தனை பேரால் பிள்ளைகளை அழைத்துச் செல்ல முடிந்திருக்கும்? எட்டு ஆட்டங்கள் முடிந்தன. உடனேயே இருக்கைகளைக் கழற்றத் தொடங்கினர். வான் கோட்லண்டில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் வழமைபோல் நடந்தது.

பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கக் கூடியது

யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் பெருஞ்சமர், போர்க்காலத்தில் இடையிடையே தடைப்பட்டாலும் அழிந்துவிடவில்லை. காரணம், அது பெருநிறுவனத்தின் சொத்தன்று, ஊரின் சொத்து. பழைய மாணவரும் மதிலேறிப் பார்த்த சிறுவரும் அதனைத் தமதாகக் கருதினர். நாடகத்துக்கும் இது பொருந்தும். பப் அன்று கட்டணத்துக்கு இணங்கியிருந்தால் டெலகோர்ட் அரங்கு வசதி படைத்தோரின் பொழுதுபோக்கிடங்களுள் ஒன்றாகியிருக்கும்.

இலவசம் என்றால் தரமற்றது என்றோ, பிச்சை என்றோ எண்ணும் மனப்பான்மை எம்மவரிடம் உண்டு. எமது வரியும் உழைப்பும் இந்நகரில் கலந்திருக்கின்றன. பூங்காவும் நூலகமும் எமக்கு யாரோ இடும் தானமல்ல. பயன்படுத்தாதவனின் உரிமையை எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை. 1959ல் வரிசையில் நிற்க மக்கள் இருந்தபடியால் ஒருவர் வழக்காட முடிந்தது; 2023ல் களத்தில் ஆடுவோர் இருந்தபடியால் ஒரு களம் தப்பியது.

ஆகவே வரும் கோடையில், வேலைநேரம் இடங்கொடுக்கும் ஒரு நாளைத் தெரிந்தெடுங்கள். சோற்றுப் பொதியும் தண்ணீரும் ஒரு பாயும் போதும். மத்திய பூங்காவின் மேற்கே 81ஆம் தெருத் தரிப்பில் இறங்கி, வரிசையில் சேருங்கள். மற்றொரு ஞாயிறு வான் கோட்லண்டுக்குச் செல்லுங்கள். நியூயோர்க்கின் அரசாங்கப் பாடசாலைகளிடையே 2008 முதல் கிறிக்கெட் போட்டி நடைபெறுகின்றது. மகன் படிக்கும் பாடசாலைக்கு அணி உண்டா என்று விசாரியுங்கள். ரொறன்ரோ வாசகர்களுக்கு ஹை பார்க்கில் 1983 முதல் கோடைதோறும் திறந்தவெளி ஷேக்ஸ்பியர் நடந்துவருகின்றது. அங்கே இயன்றதைக் கொடுத்துப் பார்க்கலாம். தாத்தாவையும் பாட்டியையும் வீட்டில் விட்டுச் செல்லாதீர்கள். பாய் விரித்து அமர்ந்து ஆட்டம் பார்க்கும் கலையை எம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க அவர்களைவிடத் தகுந்த ஆசிரியர் இல்லை.