சிபேப் மெஷின் பீரோ மேல ஏறாம இருக்க என்ன செய்யலாம்?

(பேசினதை, படிக்கிற வசதிக்காகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கோம்.)

குறட்டை எபிசோடுக்கு அப்புறம் உங்ககிட்ட இருந்து ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருது. "அப்பாவுக்கு ஸ்லீப் ஆப்னியான்னு சொல்லிட்டாங்க, சிபேப் வாங்கச் சொல்றாங்க. எந்த மெஷின் நல்லது?" என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். மெஷினைத் தேர்ந்தெடுக்கிறது சுலபமான வேலை. மாஸ்க்கும் முதல் மாசமும்தான் கஷ்டம். வாங்கின மெஷின் தலைமாட்டுல இருக்கப் போகுதா, பீரோ மேல போகப் போகுதான்னு முடிவாகிறது அங்கதான்.

முதல்ல நோயைப் பத்தி சுருக்கமா. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து, மூச்சுப் பாதை மூடிக்குது. பத்து வினாடிக்கு மேல மூச்சு நின்னா அது ஒரு ஆப்னியா. ஆக்சிஜன் குறைஞ்சதும் மூளை பதறிப்போய் எழுப்பிவிடுது. நமக்கு அது ஞாபகம்கூட இருக்காது. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை மூச்சு நிக்குது அல்லது ரொம்பக் குறையுதுங்கிற கணக்குதான் ரிப்போர்ட்ல வர்ற ஏஹெச்ஐ. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல தீவிரம். இதைக் கவனிக்காம விட்டா ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, பக்கவாதம்னு ஆபத்து கூடும். 2022 பிப்ரவரியில இசையமைப்பாளர் பப்பி லஹிரி இறந்தப்போ, டாக்டர்கள் சொன்ன காரணத்துல இந்த நோயும் இருந்தது.

இப்போ எங்க வீட்டுக் கதை. எங்க மாமா திருமலைல தறி நெய்யறவர். திருமலைன்னா திருப்பதி இல்லீங்க, ஆரணி பக்கம், சமண மலைக்கோயில் இருக்கிற ஊர். ஆரணிப் பட்டுன்னு நாம வாங்குற புடவைல நிறைய, சுத்துவட்டாரக் கிராமத்துத் தறிகள்ல நெய்யறதுதான். குழித்தறியில உக்காந்த இடத்துலயே மாமாவுக்குக் கண்ணு சொக்கும். இழை அறுந்தது தெரியாம நாலு விரற்கடை நெய்திருப்பார். புடவையில தப்பு விழுந்தா கூலியில பிடிப்பாங்க. வயசாயிடுச்சு, கண்ணு மங்கிடுச்சுன்னு அவரே நினைச்சுக்கிட்டு இருந்தார். வேலூர்ல ஒரு ராத்திரி ஸ்லீப் டெஸ்ட் எடுத்தோம். ஏஹெச்ஐ 38.

மெஷினைப் பார்த்ததும் மாமா கேட்ட முதல் கேள்வி, "இன்னாத்துக்குடா இது? ராத்திரி பூரா மூஞ்சில பைப்ப மாட்டிக்கினு எவன் தூங்குவான்?" நியாயமான கேள்விதான். ஆனா இந்த மெஷின் ஆக்சிஜன் சிலிண்டர் இல்ல. அறையில இருக்கிற காத்தையே உறிஞ்சி, வடிகட்டி, லேசான அழுத்தத்தோட அனுப்புது. அந்த அழுத்தம் தொண்டை மூடாம தாங்கிப் பிடிக்குது, அவ்வளவுதான். ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன் 1980கள்ல, வேக்குவம் கிளீனர்ல இருக்கிற மாதிரி மோட்டாரை வெச்சு ஆரம்பிச்சது இது. 1981ல 'லான்செட்' இதழ்ல அஞ்சு நோயாளிகளோட முடிவை வெளியிட்டார். அப்போ மாஸ்க்கை முகத்துல பசை போட்டு ஒட்டினாங்க. நமக்கு அந்தக் கஷ்டம் இல்ல.

மெஷின் எத்தனை வகை?

சாதா சிபேப் ராத்திரி முழுக்க ஒரே அழுத்தம் கொடுக்கும். ஆட்டோ சிபேப், டாக்டர் குறிச்ச எல்லைக்குள்ள தேவைக்கேத்த மாதிரி ஏத்தி இறக்கும். மல்லாந்து படுத்தா கூடும், ஒருக்களிச்சா குறையும். பைபேப், மூச்சை இழுக்கும்போது ஒரு அழுத்தமும் விடும்போது குறைவான அழுத்தமும் தரும். எல்லாருக்கும் அது தேவைப்படாது. எது வேணும்னு டாக்டர் சொல்வார். நீங்க கடையில கேக்க வேண்டியது மூணுதான்: ஈரப்பதம் தர்ற ஹியூமிடிஃபையர் கூட வருதா? தினசரி உபயோகத்தைப் பதிவு பண்ணுதா? வாங்குறதுக்கு முன்னாடி ஒரு மாசம் வாடகைக்குக் கிடைக்குமா? வாடகைக்குக் கிடைச்சா யோசிக்காம எடுங்க.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கலாமான்னும் கேட்டிருந்தீங்க. கவனம் தேவை. 2021 ஜூன்ல பிலிப்ஸ் நிறுவனம் லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்பப் பெறுறதா அறிவிச்சது. சத்தம் குறைக்க உள்ள வெச்ச ஃபோம் நைஞ்சுபோய், அதோட துகள் மூச்சோட உள்ள போகலாம்ங்கிறதுதான் காரணம். பழைய மெஷின்னா மாடல் நம்பரைத் தேடிப் பார்க்காம காசு கொடுக்காதீங்க.

மாஸ்க்தான் முக்கியம்

மாஸ்க் மூணு மாதிரி. மூக்கை மட்டும் மூடுறது, மூக்கு ஓட்டையில பொருந்துற சின்ன 'பில்லோ' வகை, மூக்கும் வாயும் சேர்த்து மூடுற ஃபுல் ஃபேஸ். எங்க மாமாவுக்குக் கடையில ஃபுல் ஃபேஸ் கொடுத்து அனுப்பிட்டாங்க. அவருக்கு அடர்த்தியான மீசை. மீசைமேல மாஸ்க் படிஞ்சு உக்காராது, காத்து கசிஞ்சு நேரா கண்ணுக்குப் போகும். ரெண்டு நாள்ல கண்ணு சிவந்து, கழட்டிப் போட்டுட்டார். மீசையை எடுக்கச் சொல்ல எங்க யாருக்கும் தைரியம் இல்ல. பில்லோ மாஸ்க்குக்கு மாத்தினோம், கசிவு போச்சு.

கசியுதுன்னு பட்டையை இறுக்கிக்கிட்டே போறது நிறைய பேர் பண்றது. இறுக்கினா மூக்குத்தண்டுல புண்ணு வரும், கசிவும் நிக்காது. மெஷினை ஓடவிட்டு, படுத்த நிலையில மாஸ்க்கைப் பொருத்துங்க. உக்காந்து சரிபார்த்தா, படுத்ததும் முக வடிவம் மாறிடும். வாய் திறந்து தூங்குறவங்களுக்கு மூக்கு மாஸ்க் பத்தாம போகலாம், அதை முன்னாடியே சொல்லிடுங்க.

முதல் மாசம்

முதல் வாரம் பகல்ல பழக்குங்க. டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் மாஸ்க்கை மட்டும் மாட்டிக்கச் சொல்லுங்க. அப்புறம் மெஷினோட. அதுக்கப்புறம் தூக்கம். மூச்சு முட்டுற பயம் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமா போகும். 'ராம்ப்'னு ஒரு வசதி இருக்கும், குறைஞ்ச அழுத்தத்துல ஆரம்பிச்சு மெல்ல ஏத்தும். அதைப் போட்டு வெச்சுடுங்க.

மூக்கு, தொண்டை வறண்டா ஈரப்பதத்தைக் கூட்டுங்க. குழாய்ல தண்ணி கோத்துக்கிட்டு முகத்துல தெறிச்சா குறைங்க, மெஷினைத் தலைமட்டத்துக்குக் கீழே வைங்க. டேங்க்ல டிஸ்டில்டு வாட்டர், தினம் மாத்தணும். காலையில வயிறு உப்பி ஏப்பம் வந்தா, காத்தை விழுங்குறாங்கன்னு அர்த்தம். அதுக்கு அழுத்தத்தை மாத்த வேண்டியது டாக்டர், நாம இல்ல. மாஸ்க்ல முகத்துல படுற பகுதியைத் தினமும் துடைச்சு, குழாயை வாரம் ஒரு தடவை சோப்புத் தண்ணியில அலசி நிழல்ல உலர்த்தினா போதும்.

ஊர்ப்பக்கம் பெரிய கவலை கரண்ட் கட். பாதி ராத்திரி மெஷின் நின்னா மூச்சு அடைச்சுடுமோன்னு அத்தை பயந்தாங்க. அடைக்காது. மாஸ்க்ல காத்து வெளியேற ஓட்டை இருக்கு, ஃபுல் ஃபேஸ்ல வெளிக்காத்து உள்ள வர வால்வும் இருக்கு. பெரும்பாலும் முழிப்பு வந்துடும், கழட்டிட்டுத் தூங்கலாம். இன்வெர்ட்டர் இருந்தா அதுலயே ஓட்டலாம். ஹியூமிடிஃபையர் சூடுதான் கரண்ட்டை அதிகம் இழுக்கும், அதை மட்டும் அணைச்சா பேட்டரி ரொம்ப நேரம் தாங்கும்.

எவ்வளவு போட்டா போதும்?

அமெரிக்காவுல மெடிகேர் காப்பீடு ஒரு கணக்கு வெச்சிருக்கு. 30 நாள்ல 70 சதவீத ராத்திரிகள்ல, குறைஞ்சது நாலு மணி நேரம். இது தொடக்கத்துக்கான எல்லைக்கோடு. தூங்குற நேரம் முழுக்கப் போடறதுதான் லட்சியம். ரெண்டு மணிக்குக் கழட்டிட்டா மிச்ச ராத்திரிக்கு நோய் திரும்பி வந்துடும். விடியற்காலை நேரத்துல ஆப்னியா அதிகமாகவும் வரும்.

மாமாவோட மெஷின் இப்போ காட்டுற ஏஹெச்ஐ 4. அதுக்கு ஆறு வாரம் ஆச்சு. நடுவுல மூணு தடவை, "திருப்பிக் குடுத்துடலாம்பா"ன்னார். ஒவ்வொரு தடவையும் காரணம் சின்னதாத்தான் இருந்தது. ஒரு தடவை பட்டை, ஒரு தடவை குழாய்ல தண்ணி, ஒரு தடவை சளி. பக்கத்துல யாராவது கேட்டாத்தான் அதெல்லாம் வெளியில வரும்.

அதனால சென்னையிலயோ பெங்களூர்லயோ இருந்துக்கிட்டு ஊருக்கு மெஷின் அனுப்பப் போறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். பணம் அனுப்புறதோட நிறுத்தாதீங்க. முதல் மாசம் தினம் காலையில போன் பண்ணுங்க. "போட்டியா?"ன்னு மிரட்ட வேண்டாம். "எங்க உறுத்துது?"ன்னு கேளுங்க. உறுத்துற இடம் தெரிஞ்சா சரி பண்ண வழி இருக்கு.

உங்க வீட்டு மாஸ்க் கதைகளை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம். நல்லா தூங்குங்க.