மார்பகப் புற்றுநோய்: வலிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்!

தலைப்பைப் பார்த்ததும், "இது லேடீஸ் சமாச்சாரம்ப்பா" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 'மெக்கானிக்கல் படிக்கிற பையனுக்கு இதில் என்ன வேலை?' என்று ஹாஸ்டலில் என்னையும் கேலி செய்தார்கள். வேலை இருக்கிறது. நம் எல்லோர் வீட்டிலும் அம்மா, அக்கா, அத்தை, பாட்டி என்று யாராவது இருக்கிறார்கள். அவர்களில் பலர் இதைப் பற்றி வாய் திறக்கக் கூச்சப்படுவார்கள். படித்த பிள்ளைகள் நாமும் கூச்சப்பட்டால் அவர்களுக்கு யார் சொல்வது?

கணக்கு என்ன சொல்கிறது?

2022-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டில் அந்நோயால் இறந்தவர்கள் சுமார் 6,70,000 பேர். இந்தியாவில் அந்த ஆண்டு புதிதாக நோய் கண்டவர்கள் சுமார் 1,92,000 பேர். இறந்தவர்கள் சுமார் 98,000 பேர். நம் நாட்டுப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் முதலிடம்.

கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பாருங்கள். உலக அளவில் 100 புதிய நோயாளிகளுக்கு இறப்பு சுமார் 29. நம் நாட்டில் சுமார் 51! நோய் ஒன்றுதான். பின் ஏன் இந்த வித்தியாசம்? முக்கியமான காரணங்களில் ஒன்று, நம் பெண்கள் டாக்டரிடம் தாமதமாக வருவது.

ஏன் தாமதம்?

"வலிக்கவே இல்லையே, அதான் விட்டுட்டேன்." இது என் பெரியம்மா சொன்னது. பட்டாணி அளவில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டும் எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. ஆம்பளை டாக்டர் பார்ப்பாரே என்ற வெட்கம் வேறு. ஆஸ்பத்திரிக்குப் போனபோது நோய் அக்குள் வரை பரவியிருந்தது. கீமோதெரபி, ஆபரேஷன், கதிர்வீச்சு என்று ஒரு வருடம் அலைந்து இன்று நலமாக இருக்கிறார். பட்டாணியாக இருந்தபோதே போயிருந்தால் இத்தனை பாடு பட்டிருக்க வேண்டியிருக்காது.

பெரும்பாலும் இந்நோய் மார்பகத்தின் பால் குழாய்களில் உள்ள செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகுவதால் தொடங்குகிறது. ஆரம்பத்தில் வலி இருப்பதில்லை. பிறகு அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளுக்கும், அங்கிருந்து எலும்பு, நுரையீரல், கல்லீரலுக்கும் போகிறது. ஒர்க்‌ஷாப்பில் காஸ்டிங்குக்குள் இருக்கும் ப்ளோ ஹோல் வெளியே தெரியுமா? உடைந்த பிறகு பார்ப்பதைவிட முன்பே சோதித்துப் பார்ப்பதுதானே நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்!

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

1. மார்பகத்திலோ அக்குளிலோ புதிதாகக் கட்டி அல்லது தடிப்பு (வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும்).
2. ஒரு மார்பகத்தின் அளவிலோ வடிவத்திலோ திடீர் மாற்றம்.
3. தோலில் குழி விழுதல், அல்லது ஆரஞ்சுப் பழத் தோல்போல் ஆகுதல்.
4. காம்பு புதிதாக உள்ளிழுத்துக் கொள்ளுதல்.
5. காம்பிலிருந்து ரத்தம் கலந்த நீர் கசிதல்.
6. காம்பைச் சுற்றி ஆறாத புண், செதில் அல்லது சிவப்பு.

இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" கூடாது.

எப்படிப் பார்ப்பது?

மாதவிலக்கு முடிந்த சில நாட்களில் மார்பகம் இளகியிருக்கும். அப்போது பார்ப்பது நல்லது. மாதவிலக்கு நின்றவர்கள் மாதத்தில் ஏதாவது ஒரு தேதியை வைத்துக்கொள்ளலாம். கண்ணாடி முன் நின்று கைகளைத் தொங்கவிட்டும், பிறகு தலைக்கு மேல் தூக்கியும் பார்க்க வேண்டும். பின்பு நடு மூன்று விரல்களின் தட்டையான பகுதியால், சின்னச் சின்ன வட்டமாக அழுத்தி, அக்குள் வரை தடவிப் பார்க்க வேண்டும். கட்டிகள் அதிகம் தோன்றுவது அக்குளை ஒட்டிய மேல்பகுதியில்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது மட்டும் போதாது. சீனாவில் ஷாங்காய் நகரின் பஞ்சாலைத் தொழிலாளர் பெண்கள் சுமார் 2,66,000 பேரை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 2002-ல் வெளிவந்தது. சுயபரிசோதனை சொல்லிக்கொடுத்ததால் மட்டும் இறப்பு குறையவில்லை. எனவே தன் உடம்பின் இயல்பைத் தெரிந்துவைத்து, மாற்றம் கண்டால் உடனே டாக்டரிடம் போவதுதான் இதன் பயன்.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் தொடங்கி, சுமார் 1,51,000 பெண்களை 20 ஆண்டுகள் கவனித்தது. அவர்களில் ஒரு பாதிப் பேருக்குப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதனை செய்தார்கள். அந்தப் பிரிவில் நோய் முன்கூட்டியே கண்டுபிடிக்கப்பட்டது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. பெரிய மெஷின் எதுவும் இல்லாமல், வெறும் கையால்!

30 முதல் 65 வயது வரை உள்ள பெண்களுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை இப்படிப் பரிசோதிக்க வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ல் வகுத்த திட்டம் சொல்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். 40 வயதைத் தாண்டியவர்கள் மேமோகிராம் எடுப்பது பற்றி டாக்டரிடம் கேட்பது நல்லது. மேமோகிராம் என்பது குறைந்த அளவு எக்ஸ்ரேதான். கைக்குத் தட்டுப்படாத கட்டியையும் அது காட்டும்.

கட்டி என்றாலே கேன்சரா?

இல்லவே இல்லை! பெரும்பாலான கட்டிகள் சாதுவானவை. நம் வயதுப் பெண்களுக்கு வருவது பெரும்பாலும் 'ஃபைப்ரோ அடினோமா' என்ற சாதாரணக் கட்டி. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது பக்கத்து வீட்டு அக்கா அல்ல, டாக்டர். மூன்று படிகள் உண்டு: கையால் பரிசோதனை, ஸ்கேன் அல்லது மேமோகிராம், தேவைப்பட்டால் ஊசியால் துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி. இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பார்கள். 'ஊசி குத்தினால் பரவிவிடும்' என்று பயந்து பயாப்ஸியைத் தள்ளிப்போடக் கூடாது.

குடும்பத்தில் அம்மா, அக்கா யாருக்காவது இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். ஆனால் பரம்பரையாக வருவது 100-ல் 5 முதல் 10 பேருக்குத்தான். 'எங்க வம்சத்திலேயே இல்லை' என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. இது தொற்றுநோயும் அல்ல. இன்னொன்று: 100-ல் அரை முதல் ஒருவர் வரை ஆண்கள்! பசங்களே, உங்களுக்கும் கட்டி தட்டுப்பட்டால் காட்டுங்கள்.

மார்பகத்தையே எடுத்துவிடுவார்களா?

இந்தப் பயம்தான் பலரை வீட்டிலேயே உட்கார வைக்கிறது. ஒரு காலத்தில் முழுவதும் எடுத்தார்கள். அமெரிக்காவின் பெர்னார்ட் ஃபிஷர், இத்தாலியின் உம்பெர்ட்டோ வெரோனேசி ஆகியோரின் 20 ஆண்டு ஆய்வு முடிவுகள் 2002-ல் வெளிவந்தன. ஆரம்ப நிலையில் கட்டியை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சு கொடுத்தாலும் உயிர் பிழைப்பது அதே அளவுதான் என்று அவை காட்டின. சீக்கிரம் வந்தால் உயிரும் மிஞ்சும், மார்பகமும் மிஞ்சும்.

நம் தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-லேயே அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். 2021-ல் மறைந்த டாக்டர் சாந்தா தம் வாழ்நாளையே அங்கே செலவிட்டார். சிகிச்சைக்கு நம்மிடம் இடமும் ஆளும் உண்டு. நேரத்தோடு போய்ச் சேர வேண்டியது நம் பொறுப்பு.

நாம் என்ன செய்யலாம்?

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போவோம் அல்லவா? பெண் தோழிகள் இந்தப் பக்கத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். பையன்கள் நேரடியாகச் சொல்லக் கூச்சமாக இருந்தால், இந்த மலரை அந்தப் பக்கத்தில் மடித்து அம்மா கையில் கொடுத்துவிடுங்கள். கூட ஒரு வார்த்தை: "ஏதாவது இருந்தா மறைக்காம சொல்லுங்கம்மா, நானே கூட்டிட்டுப் போறேன்." பெண் டாக்டர் வேண்டும் என்றால் விசாரித்து வையுங்கள். ஓ.பி. சீட்டு வாங்க வரிசையில் நிற்பதும் ரிப்போர்ட் வாங்கி வருவதும் நம்மால் முடியாத காரியமா என்ன?

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை