பீங்கானுக்கும் கருந்துளைக்கும் என்ன சம்பந்தம்?

விருத்தாசலத்தில் தயாராகும் பீங்கான் பியூஸ் கட்டைக்கு ஒரே வேலைதான்: கரண்ட்டைத் தன் வழியே விடக் கூடாது. அதனால்தான் 1986-ல் பெட்னார்ஸ், முல்லர் இருவரும் சூரிச் ஐபிஎம் ஆய்வகத்தில் கண்டது பலரையும் திகைக்க வைத்தது. அதே செராமிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு தாமிர ஆக்சைடைக் குளிர வைத்தால், கரண்ட் தடையே இல்லாமல் ஓடுகிறது! மறு ஆண்டே நோபல் பரிசு. யிட்ரியம், பேரியம் சேர்த்த செராமிக் மைனஸ் 180 டிகிரியிலேயே இப்படி சூப்பர் கண்டக்டராக, அதாவது மீக்கடத்தியாக மாறிவிடுகிறது. அதற்கு முன் மைனஸ் 250-தான் சாதனை.

ஏன் இப்படி? ஏறக்குறைய 40 ஆண்டுகளாகியும் எல்லோரும் ஏற்கும் விடை இல்லை. சென்னை கணித அறிவியல் நிறுவனப் பேராசிரியராக இருந்த ஜி.பாஸ்கரன், நோபல் விஞ்ஞானி பிலிப் ஆண்டர்சனோடு சேர்ந்து 1987-லேயே ஒரு கோட்பாட்டை வளர்த்தார். விவாதம் இன்னும் ஓயவில்லை.

புதிர் மீக்கடத்தலில் மட்டுமல்ல, அதற்குச் சற்று மேலான வெப்பநிலையிலும் இருக்கிறது. செம்புக் கம்பியில் எலெக்ட்ரான்களைத் தனித்தனி ஆட்களாக எண்ணிக் கணக்குப் போடலாம். இங்கே அது மாசி மகக் கூட்டம். ஒருவர் அசைந்தால் எல்லோரும் அசைகிறார்கள். இந்த நிலைக்கு 'விசித்திர உலோகம்' என்று பெயர்.

இந்த நெரிசலுக்குத்தான் ஹோலோகிராஃபிக் இருமை கைகொடுக்கும் என்கிறார்கள். சில வகை குவாண்டம் நெரிசலை, ஒரு பரிமாணம் கூடுதலான வெளியில் ஈர்ப்பு விசைக் கணக்காக மாற்றலாம் என்று 1997-ல் மால்டசேனா முன்மொழிந்தார். சூடான நெரிசலுக்கு அங்கே இணை, கருந்துளை. நெரிசல் கூடக் கூட ஈர்ப்புக் கணக்கு சுலபமாகிவிடும் என்பதுதான் இதன் கவர்ச்சி. 2008-ல் ஹார்ட்னால், ஹெர்சாக், ஹோரோவிட்ஸ் மூவரும் இதே வழியில் மீக்கடத்தியையே காகிதத்தில் உருவாக்கினார்கள்.

சரி, நம்பலாமா? குவார்க்-குளுவான் குழம்பின் பிசுபிசுப்புக்கு இந்த முறை தந்த எண், சோதனை மதிப்பீட்டுக்கு அருகில் வந்தது உண்மை. செராமிக்கில்தான் உதைக்கிறது. எளிய ஹோலோகிராஃபிக் மாதிரிகளில் அணு அடுக்கும் இல்லை, கலப்படமும் இல்லை. ஆகவே கரண்ட் ஓட ஆரம்பித்தால் நிற்காது. நாம் கேட்பதோ மின்தடை எவ்வளவு என்று! அதைத் தருவதற்கான தடங்கலை ஆய்வாளரே கையால் சேர்க்க வேண்டும். சேர்க்கும் விதத்துக்கேற்ப விடையும் மாறும். பாஸ்கரனின் கூட்டாளியான ஆண்டர்சனே 2013-ல் 'ஃபிசிக்ஸ் டுடே' இதழில் இந்த அணுகுமுறையை விமர்சித்தார்.

இருந்தாலும் முழுக்க வீண் என்று தள்ள முடியாது. டெல்லியில் பிறந்த சுபீர் சச்தேவ், ஜின்வூ யேயுடன் 1993-ல் எழுதிய ஒரு மாதிரி, கருந்துளையோடு ஒத்துப்போவதை 2015-ல் கிடாயேவ் காட்டினார். அதன் வழித்தோன்றல்கள் இப்போது விசித்திர உலோகத்தின் மின்தடையை நெருங்குகின்றன.

யிட்ரியம் செராமிக்கைச் சுட சுமார் 950 டிகிரி போதும். மின்காப்புப் பீங்கானுக்கு இதைவிடக் கூடுதல் சூடு வேண்டும். அடுத்து எந்தக் கலவையைச் சூளையில் வைப்பது என்பதற்கு மட்டும், கருந்துளைக் கணக்கிலிருந்து இன்னும் ஒரு பெயர்கூட வரவில்லை.